பரணில் கிடக்கும் சீமெண்ணெய் விளக்கு: ‘விக்டோரியன்’னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு பெறும், வரி உண்டா?



தங்கம், மனை, மியூச்சுவல் ஃபண்டு பத்தி கேள்வி வர்ற அதே வாட்ஸ்அப் நம்பருக்கு, மாசம் ரெண்டு மூணு விளக்கு போட்டோவும் வருது. "சார், தாத்தா காலத்து விளக்கு, நூறு வருஷம் இருக்கும், லட்சக்கணக்கில் போகுமாமே?" என்பது ஒரு வகை. "வீடு இடிக்கும்போது பழைய பித்தளையோட சேர்த்து எடைக்குப் போட்டுட்டோம், இப்பதான் யாரோ சொன்னாங்க" என்பது இன்னொரு வகை. முதல் வகைக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் பதில். ரெண்டாவது வகைக்குப் பதிலே கிடையாது. விளக்கு போயாச்சு.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் இந்தக் கேள்வி அதிகம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. இது துறைமுக ஊர். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன்னு போய் வியாபாரம் பண்ணினவங்க வீடுகள் இன்னும் இருக்கு. பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, மேசை விளக்கு எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த வீடுகள் இப்போ ஒவ்வொண்ணா இடிபடுது, இல்லேன்னா பாகம் பிரியுது. நான் விளக்கு நிபுணர் இல்லை, ஆடிட்டர். ஆனா வாரிசுச் சொத்தைப் பிரிக்கும்போது "இதுக்கு என்ன மதிப்பு போடுறது?"ன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது என் வேலை. அதுக்காகப் படிச்சது, கடைகள்ல கேட்டது, கையில் எடுத்துப் பார்த்தது, எல்லாத்தையும் இங்கே எழுதுறேன்.

விக்டோரியன்னா எந்த வருஷம்?

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் செய்த விளக்குதான் விக்டோரியன். பழசா இருக்கிற எல்லாமே விக்டோரியன் இல்லை.

இன்னொரு கோடும் இருக்கு. சீமெண்ணெய், நம்ம ஊர்ல சொல்ற கிருஷ்ணாயில், வியாபாரப் பொருளா உலகம் முழுக்கப் பரவினது 1859-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டின பிறகுதான். அதுக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சது தேங்காய் எண்ணெய், ஆமணக்கெண்ணெய், வெளிநாட்டுல திமிங்கில எண்ணெய், கடுகு இன எண்ணெய் இதுகள்ல. ஆக, கண்ணாடிச் சிம்னியும் திரி ஏத்தற திருகும் வச்ச சீமெண்ணெய் விளக்கு விக்டோரியனா இருக்கணும்னா அது ஏறக்குறைய 1860-க்கும் 1901-க்கும் நடுவுல செஞ்சதா இருக்கணும். நாற்பது வருஷ இடைவெளி. அவ்வளவுதான்.

இந்த ஒரு கணக்கு தெரிஞ்சாலே பாதிக் கதைகள் விழுந்துடும். பரங்கிப்பேட்டைக்குன்னே ரெண்டு கதை உண்டு. ஒண்ணு, "இது ஹைதர் அலி சண்டைல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன விளக்கு." ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் பரங்கிப்பேட்டைச் சண்டை நடந்தது 1781 ஜூலை 1. அன்னிக்கு உலகத்துல சீமெண்ணெய் விளக்கே கிடையாது. இன்னொண்ணு, "இது நம்ம ஊர் இரும்பாலையில் வார்த்தது." ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பாலை தொடங்கினது 1830-ல். ஆலை உண்மை, அதுக்கு வரலாறு உண்மை. ஆனா விளக்குல ஆலை முத்திரையோ, அந்தக் காலத்து ரசீதோ இல்லாம அந்தக் கதைக்கு விலை ஏறாது. கதை சொல்ற வியாபாரிக்கு நீங்க காசு கொடுக்கக் கூடாது. உங்க கதைக்கு அவரும் கொடுக்க மாட்டார்.

கண்ணாடியைப் பார்க்காதீங்க, பர்னரைப் பாருங்க

எல்லாரும் முதல்ல பார்க்கிறது மேல இருக்கிற கலர் கண்ணாடியை. அதுதான் உடைஞ்சு உடைஞ்சு மாத்தப்பட்ட பாகம். விளக்கோட ஆதார் கார்டு பர்னர்தான். அதாவது திரி போற பித்தளைப் பகுதி. அதோட பக்கத்துல திரியை ஏத்தி இறக்கிற திருகு இருக்கும். திருகோட வட்டத் தலையில் பெரும்பாலும் கம்பெனி பேர் அழுத்தியிருக்கும். நல்ல வெளிச்சத்துல, பூதக்கண்ணாடி வச்சு, இல்லேன்னா மொபைல்ல பெருசாக்கிப் பாருங்க.

ஒரு விளக்குல ரெண்டு தட்டைத் திரி பக்கத்துல பக்கத்துல போய், ரெண்டு திருகு இருந்தா அது டூப்ளெக்ஸ் பர்னர். பர்மிங்காம் ஹிங்க்ஸ் கம்பெனி 1865-ல் காப்புரிமை வாங்கினது. ஒத்தைத் திரியை விட வெளிச்சம் அதிகம். அதனால பணக்கார வீட்டு மேசை விளக்குன்னா பெரும்பாலும் இதுதான். ஹிங்க்ஸ் தவிர, பர்மிங்காம் மெசஞ்சர், லண்டன் ஃபாக் ஸ்டாடல்மன் கம்பெனியோட ‘வெரிடாஸ்’ இதெல்லாம் மதிப்புள்ள பேர்கள். வட்டத் திரி, குழாய் மாதிரி சுருண்டு போனா அது ஜெர்மனி வழி. பெர்லின் வைல்ட் அண்ட் வெஸல் கம்பெனியோட ‘கோஸ்மோஸ்’ பர்னர் அதுல பிரபலம். வியன்னா டிட்மார் பேரும் பார்க்கலாம். ஆனா பேர் இருந்தா மட்டும் போதாது. இந்தக் கம்பெனிகள் பல 1901-க்குப் பிறகும் வருஷக்கணக்கா அதே மாதிரியை விட்டுக்கிட்டே இருந்தாங்க.

அதனால அடுத்தது முத்திரை. இங்கிலாந்துல 1842 முதல் 1883 வரை பதிவு செஞ்ச வடிவமைப்புக்கு வைரம் போல ஒரு சாய்சதுர முத்திரை. 1884-லிருந்து அதை விட்டுட்டு ‘ஆர்டி நம்பர்’னு வரிசை எண். 1901 தொடக்கத்துல அந்த எண் சுமார் 3,68,000-ஐத் தொட்டது. உங்க விளக்குல எண் ஆறு லட்சத்தில் இருந்தா அது விக்டோரியன் கிடையாதுன்னு உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிடலாம். எண் சின்னதா இருந்தா வடிவமைப்பு அந்தக் காலத்தது என்று மட்டும் அர்த்தம். செஞ்சது பிந்தியும் இருக்கலாம்.

‘மேட் இன் ஜெர்மனி’ன்னு இருந்தா 1887-க்குப் பிறகு. அந்த வருஷம்தான் பிரிட்டன் சரக்குல நாட்டோட பேர் போடச் சொல்லிச் சட்டம் கொண்டு வந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ன்னு இருந்தா 1949-க்குப் பிறகு. அப்படி ஒரு நாடு அதுக்கு முன்னாடி இல்லை. நம்ம வீடுகள்ல கிடைக்கிற அரிக்கேன் லாந்தர்ல நிறைய இந்த ரகம்தான். நல்ல லாந்தர், இன்னிக்கும் எரியும், ஆனா அறுபது எழுபது வருஷம்தான். பெட்ரோமாக்ஸைக் கொண்டு வந்து "விக்டோரியன் சார்"னு சொல்றவங்களும் உண்டு. பெட்ரோமாக்ஸ் வந்ததே 1910 வாக்குல.

திருகாணிகளைப் பாருங்க. தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு இருந்தா அது 1930-களுக்குப் பிறகு வந்த ஆணி. ஒண்ணு விளக்கு புதுசு, இல்லேன்னா பழுது பார்த்திருக்காங்க. காந்தம் வச்சுப் பாருங்க. பித்தளையில் ஒட்டாது. ஒட்டினா உள்ளே இரும்பு, மேலே முலாம். விளக்கோட அடியைத் திருப்பிப் பாருங்க. நூறு வருஷம் மேசையில் நகர்ந்த விளக்குக்கு அடிவிளிம்பு மட்டும் தேய்ஞ்சிருக்கும், உள்குழிவு கறுத்திருக்கும். புதுசாச் செஞ்சு பழசாக்கினதுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுப்பா இருக்கும். ஆசிட் எங்கே தேயணும், எங்கே தேயக் கூடாதுன்னு பார்க்காது.

புதுசாச் செய்றது எங்கேன்னு கேட்டா, மொராதாபாத். பித்தளைக்குப் பேர் போன ஊர். கப்பல் விளக்கு, லண்டன் பேர் பொறிச்ச தகடு எல்லாம் அங்கே அழகாச் செய்வாங்க. அலங்காரப் பொருளாச் செய்றது தப்பே இல்லை. அதை ‘ஆன்டிக்’னு விக்கிறதுதான் தப்பு. சிம்னி கண்ணாடி ஃபிரோசாபாத்ல செஞ்சதா இருந்தா கவலைப்படாதீங்க. சிம்னி உடையிற பொருள், மாத்தினதாதான் இருக்கும்னு வாங்கறவருக்கும் தெரியும்.

மேல்குளோப் அப்படி இல்லை. அசல் குளோப் இருந்தா விளக்கோட விலையில் பெரும்பங்கு அதுதான். இளஞ்சிவப்பா, மாதுளை முத்து நிறத்துல இருக்கிற கண்ணாடிக்கு உருக்கும்போது தங்கச் சேர்மம் சேர்ப்பாங்க. மஞ்சள் பச்சைக் கண்ணாடியில் யுரேனியம் சேர்த்த வகை ஒண்ணு உண்டு. ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டுல அடிச்சா பச்சையா ஒளிரும். ஆனா ஒளிர்ந்தாலே விக்டோரியன்னு முடிவு கட்டாதீங்க, பிற்காலத்திலும் அந்தக் கண்ணாடி செஞ்சிருக்காங்க.

அப்புறம் தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்துல இதையும் பளபளன்னு ஆக்கிக் கொண்டு வர்றாங்க. பழைய மெருகும், படிஞ்ச நிறமும் போச்சுன்னா வாங்கறவருக்குச் சந்தேகம் வரும், விலையும் இறங்கும். நம்ம ஊர்ல உப்புக்காத்து வேற. பச்சைப் பூசணம் பூத்திருந்தா காய்ஞ்ச துணியால மெல்லத் துடைங்க, போதும். எரியுதான்னு சோதிக்க எண்ணெய் ஊத்தாதீங்க. கண்ணாடித் தொட்டிக்கும் பித்தளைக் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற பூச்சு நூறு வருஷத்துல பொடியாகியிருக்கும். கழன்று விழுந்தா விளக்கும் போச்சு, வீடும் தீப்பிடிக்கும்.

ஒரு வீட்டுப் பரண், நாலு விளக்கு

போன வருஷம் நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க விவரத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். பரங்கிப்பேட்டையில் பழைய வீடு. வாப்பா இறந்து ரெண்டு வருஷம். உம்மா இருக்காங்க. மூத்த மகன் சென்னையில் வேலை, அடுத்தவர் சிங்கப்பூர், மகள் சிதம்பரத்துல. வீட்டை இடிச்சுக் கட்ட முடிவு. பரண்ல நாலு விளக்கு. ஊர் ஊராப் போய் பழைய சாமான் வாங்கறவர் ஒருத்தர் வந்து நாலுக்கும் சேர்த்து 9,000 ரூபாய்ன்னார். "இன்னிக்கே எடுத்துக்கறேன், நாளைக்கு இந்த ரேட் இல்லை"ன்னும் சொன்னார். மகள்தான், "ஆடிட்டர் ஏற்கெனவே சொத்துக் கணக்கு பார்க்கிறார், அவர்கிட்ட போட்டோ அனுப்பிட்டுக் கொடுக்கலாம்"ன்னு நிறுத்தினாங்க.

ஒண்ணு, அரிக்கேன் லாந்தர், மேற்கு ஜெர்மனி. ரெண்டு, லண்டன் தகடு வச்ச பித்தளைக் கப்பல் விளக்கு. எல்லாரும் இதுதான் ஒசத்தின்னு நினைச்சாங்க. தகட்டைப் பிடிச்சிருந்த நாலு ஆணியிலும் கூட்டல் குறி வெட்டு. உம்மாகிட்ட கேட்டா, "அது சின்னவன் புதுச்சேரியில வாங்கிட்டு வந்தது, பத்து வருஷம் கூட ஆகலை"ன்னாங்க. மூணு, டூப்ளெக்ஸ் மேசை விளக்கு, திருகுல ஹிங்க்ஸ் பேர், குளோப் அசல், சின்னக் கீறல் கூட இல்லை. நாலு, மாதுளை நிறக் குளோப் வச்ச தொங்கு விளக்கு. எண்ணெய்த் தொட்டி பொருந்துது, ஆனா மேல் சங்கிலியும் கப்பியும் வேற ஏதோ விளக்கோடது. இப்படிப் பாகம் மாறினதுக்கு விலை குறையும். பாதிக்குப் பாதி கூட குறையலாம்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. மொத்தமா ‘லாட்’ ரேட் கேக்கிறவர் எப்பவும் ஒரே ஒரு பொருளுக்காகத்தான் வந்திருப்பார். மத்த மூணும் அதை மறைக்கிற திரை. அதனால எந்தப் பழைய பொருளா இருந்தாலும் தனித்தனியா விலை கேளுங்க. எதுக்கு அவர் தயங்கறாரோ அதுதான் அவருக்கு வேண்டியது.

மதிப்புன்னா எந்த மதிப்பு?

ஆன்லைன்ல ஒரே மாதிரி விளக்கைத் தேடினா தலை சுத்தும். ஒருத்தர் ரெண்டு லட்சம்னு போட்டிருப்பார், அதே விளக்கு இன்னொரு இடத்துல இருபதாயிரம். போட்டிருக்கிற விலை வெறும் ஆசை. வித்த விலை மட்டும்தான் தகவல். ஈபே மாதிரி தளங்கள்ல ‘விற்றுப் போனவை’ன்னு வடிகட்டிப் பார்க்கிற வசதி இருக்கு. ஏலக் கம்பெனிகளும் முடிஞ்ச ஏலத்தோட விலையைப் போடுவாங்க. அதுலயும் ஏல விலை உங்க கைக்கு முழுசா வராது. விக்கிறவர்கிட்டயும் கமிஷன், வாங்கறவர்கிட்டயும் தனியா கமிஷன்.

இதைவிட முக்கியமான ஒண்ணு. லண்டன்ல போற விலை உங்க விலை இல்லை. ஏன்னா உங்க விளக்கு லண்டனுக்குப் போக முடியாது. காரணத்தைக் கடைசியில் சொல்றேன். உங்க சந்தை இந்தியாவுக்குள்ளதான். நமக்குப் பக்கத்துல புதுச்சேரிக் கடைகள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, சென்னை. அங்கே ரெண்டு மூணு இடத்துல "நீங்க என்ன விலைக்கு வாங்கிப்பீங்க?"ன்னு கேளுங்க. "என்ன விலைக்கு விப்பீங்க?"ன்னு கேட்டா வேற எண் வரும். ரெண்டுக்கும் நடுவுல கடை வாடகை, முடங்கின பணத்துக்கு வட்டி, விக்காமப் போற ரிஸ்க் எல்லாம் இருக்கு. கடைக்காரர் பாதி விலை கேட்டா அது திருட்டு இல்லை. பத்துல ஒரு பங்கு கேட்டா நகர்ந்துடுங்க.

ஒரு ஆடிட்டரா நான் பார்க்கிறது கைக்கு வர்ற நிகரத் தொகையை. தாத்தா நினைவு, வாப்பா கை பட்டது, இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா பாகப் பிரிவினைக் காகிதத்துல அதுக்கு ஒரு வரி கிடையாது.

அந்தக் குடும்பத்துல மேசை விளக்கு கடைசியில் 42,000-க்குப் போச்சு. எடுத்துட்டுப் போன செலவு, தரகு 2,000. கைக்கு 40,000. வாப்பாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறதால, முஸ்லிம் வாரிசு முறைப்படி உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 5,000. மீதி 35,000-ல் மகனுக்கு ரெண்டு, மகளுக்கு ஒண்ணுங்கிற விகிதம். மகன்களுக்கு ஆளுக்கு 14,000, மகளுக்கு 7,000. 9,000-க்கு நாலையும் கொடுத்திருந்தா நாலு விளக்குக்கும் சேர்த்து மகள் பங்கு 1,575 ரூபாய். இந்து குடும்பமா இருந்து உயில் இல்லேன்னா மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு.

வரி உண்டா?

இதுதான் என் பக்கம். விளக்கு வாரிசா கைக்கு வந்ததுக்கு வரி கிடையாது. வித்தாதான் கேள்வி.

சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள், உதாரணமா துணிமணி, மேஜை நாற்காலி, இதெல்லாம் வருமான வரிச் சட்டத்துல மூலதனச் சொத்தே கிடையாது. லாபத்துக்கு வித்தாலும் வரி இல்லை. ஆனா அதே விதியில் விலக்கும் இருக்கு. நகை, தொல்பொருள் சேகரிப்பு, ஓவியம், சிற்பம், எந்தக் கலைப்படைப்பும் சொந்த உபயோகப் பொருள் கணக்குல வராது. அதுகளுக்கு வரி உண்டு.

விளக்கு எந்தப் பக்கம்? வீட்டுல எரிஞ்ச விளக்கு, இன்னிக்கும் கூடத்துல உபயோகத்துல இருக்குன்னா சொந்த உபயோகப் பொருள்னு நியாயமா வாதாடலாம். கண்ணாடி அலமாரியில் இருபது விளக்கு சேகரிச்சு வச்சிருந்தா அந்த வாதம் நிக்கிறது கஷ்டம். 1976-ல் உச்ச நீதிமன்றம் தோல்பூர் மகாராஜா ஹேமந்த் சிங் வழக்குல ஒரு தீர்ப்பு கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மகாலட்சுமி பூஜையில் வைக்கிற தங்க நாணயமும் வெள்ளிக் கட்டியும் சொந்த உபயோகப் பொருள் இல்லைன்னு சொல்லிட்டாங்க. சாதாரணமா, நெருக்கமா அந்த ஆள் உபயோகிக்கிறதா இருக்கணும்ங்கிறது அதோட சாரம். பரண்ல முப்பது வருஷம் கிடந்த விளக்கு அந்த அளவுகோலுக்கு முன்னாடி கொஞ்சம் தடுமாறும். என் அபிப்பிராயம், வரி சில ஆயிரம்தான்னா வாதம் பண்ணாம ரிட்டர்ன்ல காட்டிடுங்க. நோட்டீஸ் வந்து பதில் எழுத ஆகிற ஆடிட்டர் ஃபீஸ் அதைவிட அதிகம். (ஆடிட்டரே சொல்றேன்.)

காட்டினா கணக்கு இப்படி. வாரிசுச் சொத்துல முன்னோர் வச்சிருந்த காலமும் சேரும். அதனால 24 மாசத்தைத் தாண்டினது, நீண்டகால மூலதன ஆதாயம். முன்னோர் என்ன விலைக்கு வாங்கினார்னு யாருக்கும் தெரியாது. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடியே குடும்பத்துல இருந்த பொருள்ங்கிறதால, அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். 2024 ஜூலை 23-லிருந்து விகிதம் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 20 சதவீதமும் சரிக்கட்டலும்னு தேர்ந்தெடுக்கிற சலுகை மனை, கட்டடத்துக்குத்தான். விளக்குக்கு இல்லை.

2001 மதிப்பு 10,000-ன்னு வச்சுப்போம். 42,000-ல் 2,000 செலவு, 10,000 அடக்கம் கழிச்சா ஆதாயம் 30,000. இதை ஒருத்தர் தலையில் போடாதீங்க, பங்குப்படி பிரியும். உம்மாவுக்கு 3,750, மகன்களுக்கு ஆளுக்கு 10,500, மகளுக்கு 5,250. உம்மாவுக்கும் மகளுக்கும் வேற வருமானம் இல்லை. இந்தியாவில் வசிக்கிறவங்களுக்கு அடிப்படை விலக்கு வரம்புல மிச்சம் இருந்தா இந்த ஆதாயத்தை அதுல கழிச்சுக்கலாம், அதனால வரி பூஜ்யம். சென்னை மகனுக்குச் சம்பளமே வரம்பைத் தாண்டிடுச்சு. 10,500-க்கு 12.5 சதவீதம், அதுக்கு மேல 4 சதவீதம் செஸ், ஆக 1,365 ரூபாய். சிங்கப்பூர் மகனுக்கும் அதே 1,365. வெளிநாட்டுல வசிக்கிறவருக்கு இங்கே வருமானமே இல்லேன்னாலும் அந்த விலக்கு வரம்புச் சலுகை இந்த ஆதாயத்துக்குக் கிடையாது. நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

2001 மதிப்புக்கு ஆதாரம் வேணும். பெரிய தொகைன்னா பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட அறிக்கை வாங்குங்க. இருபது முப்பதாயிரத்துக்கு அந்த ஃபீஸ் கட்டுபடியாகாது. பழைய ஏல விலை, கடைக்காரர் எழுதிக் கொடுத்தது, இதை ஃபைல்ல வைங்க. புது வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல். பிரிவு எண்கள் மாறும். மேலே சொன்ன அடிப்படை மாறலை.

உங்க வீட்டுப் பொருளை ஒரு தடவை விக்கிறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஊர் ஊரா வாங்கி விக்க ஆரம்பிச்சா அது வியாபாரம், லாபம் வியாபார வருமானம், கணக்கு வேற. பணம் எப்பவும் வங்கி வழியா வாங்குங்க. ஒரே பரிவர்த்தனைக்கு ரெண்டு லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின அதே தொகை அபராதம், வாங்கினவருக்கு.

விளக்கு ஃப்ளைட் ஏற முடியுமா?

தொங்கு விளக்கை சிங்கப்பூர் மகன் தனக்கு வேணும்னார். ரெண்டு கடையில் கேட்டு 24,000-ன்னு மதிப்பு முடிவாச்சு. உம்மா பங்கு 3,000. மீதி 21,000-ல் அண்ணனுக்கு 8,400, தங்கைக்கு 4,200. தன் பங்கு 8,400 போக அவர் கொடுக்க வேண்டியது 15,600. இப்படிப் பாகம் பிரிக்கும்போது சமன் செய்யக் கொடுக்கிற தொகையைப் பொதுவா நீதிமன்றங்கள் விற்பனையா எடுத்துக்கிறதில்லை. ஒரு வெள்ளைத்தாள்ல என்ன பொருள், என்ன மதிப்பு, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதில எந்தக் கணக்குல அனுப்பினதுன்னு எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. போட்டோவும் சேர்த்து.

அதுவரைக்கும் சரி. அடுத்த மாசம் பெட்டியில் வச்சு எடுத்துட்டுப் போறேன்னார். அங்கேதான் நிறுத்தினேன். தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம் 1972-ல் வந்தது, 1976 ஏப்ரல் 5 முதல் அமல். வரலாற்று ஆர்வத்துக்குரிய, நூறு வருஷத்துக்குக் குறையாத பொருள் தொன்மைப் பொருள். அதை மத்திய அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேற யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினா ஆறு மாசத்துக்குக் குறையாத, மூணு வருஷம் வரை சிறை, அபராதமும் சேர்த்து. வீட்டுல வச்சிருக்கத் தடை இல்லை, இந்தியாவுக்குள்ள விக்கத் தடை இல்லை. தொழிலா விக்கிறவருக்குத்தான் லைசென்ஸ் வேணும். கட்டாயப் பதிவு சிற்பம், ஓவியம், சித்திரச் சுவடி மாதிரி அறிவிக்கப்பட்ட வகைகளுக்கு.

இங்கிலாந்துல தொழிற்சாலையில் செஞ்ச விளக்கு நம்ம நாட்டுத் தொன்மைப் பொருளான்னு உங்களுக்குத் தோணலாம், நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் இல்லை, விமான நிலையத்துல நிக்கிற கஸ்டம்ஸ் அதிகாரியும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறைதான். அவங்ககிட்ட பொருளையும் போட்டோவையும் காட்டி, ‘தொன்மைப் பொருள் அல்ல’ன்னு சான்றிதழ் வாங்கினாதான் பெட்டியில் வைக்கலாம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. "நூறு வருஷத்துக்கு மேல ஆனது, விக்டோரியன்"னு நீங்க சேர்க்கிற ஒவ்வொரு ஆதாரமும் இங்கே விலையை ஏத்தும், வெளிநாட்டுக்குப் போற கதவைச் சாத்தும்.

இன்னொரு சட்டமும் பழைய வீடு இடிக்கிறவங்க தெரிஞ்சுக்கணும். பரண்ல இருந்தது உங்க குடும்பச் சொத்து. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சா அது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்துல வரும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். பத்து ரூபாய்ங்கிறது 1878 கணக்கு, இன்னும் மாத்தலை.

சிங்கப்பூர்க்காரர் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடப் போறதாச் சொன்னார். அது வர்ற வரைக்கும் தொங்கு விளக்கு மகள் வீட்டுல, சிதம்பரத்துல இருக்கு. பாகப் பிரிவினைத் தாள்ல கடைசி வரியா அதையும் சேர்க்கச் சொன்னேன்: "பொருள் தற்சமயம் சகோதரி பாதுகாப்பில் உள்ளது, உரிமை சகோதரருக்கு." அந்த ஒரு வரி இல்லேன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு அது யார் விளக்குன்னு கேட்டு என் ஆபீஸுக்கே திரும்ப வருவாங்க.